தையல் மெசினுக்குத் துவக்குத் திருத்துறவையின்ர திருப்புளி: எந்த செட் வாங்கலாம்?

பழைய சிங்கர் தலை ஒன்றின் ஊசித்தட்டைப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூவில் ஒன்றிலாவது தலையிலுள்ள வெட்டு விரிந்து, விளிம்பு மடிந்து கிடக்கும். யாழ்ப்பாணத்தில் திருத்த வரும் மெசின்களில் இந்தக் காயம் இல்லாத தலை அருமை. துருவைவிட, பொருந்தாத திருப்புளி செய்த வேலைதான் அதிகம்.

சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். அந்தக் காலத்து மெசின்களுக்கும், அதே அச்சில் பிறகு வந்தவற்றுக்கும் ஒரு தனிக் குணம் உண்டு: ஸ்குரூத் தலை அகலம், வெட்டு ஒடுக்கம். கடையில் வாங்கும் தட்டைத் திருப்புளியோ நேரெதிர். டின் 5264 என்ற ஜெர்மன் தரத்தின்படி 6.5 மில்லிமீற்றர் அகலத்துக்குத் தடிப்பு 1.2, 5.5க்கு 1.0, 4க்கு 0.8. அகலத்தைப் பார்த்து எடுத்தால் தடிப்பு வெட்டுக்குள் இறங்காது. தடிப்பைப் பார்த்து எடுத்தால் அகலம் போதாது. போதாக்குறைக்கு, அந்தத் திருப்புளியின் அலகு, அதாவது வெட்டில் இறங்கும் நுனித் தகடு, ஆப்பு வடிவில் சரிந்திருக்கும். வெட்டின் மேல் விளிம்பை மட்டும் அது தொடும். பலம் கொடுத்தவுடன் அந்தச் சரிவே அலகை மேலே தள்ளிவிடும். வழுக்கிய அலகு ஸ்குரூவையும் கெடுத்து, பக்கத்திலுள்ள தங்கப் பூவேலையிலும் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் நிற்கும்.

இன்னொரு சங்கடம், சிங்கரின் புரிக் கணக்கு. அங்குலத்துக்கு 40 புரி கொண்ட 9/64, 11/64 போன்ற அளவுகள் பொதுவான ஹாட்வெயார் கடையில் கிடையாது. கெட்ட ஸ்குரூவுக்குப் பதிலாக இன்னொரு பழைய மெசின் தலையைத்தான் கழற்ற வேண்டும்.

இதே தொல்லை துவக்குத் திருத்துபவர்களுக்கும் உண்டு. அவர்களுக்காகச் செய்த செட்டுகளில் அலகின் நுனிக்குச் சற்று மேலே இரு பக்கமும் குடைந்து, நுனியின் இரு முகமும் சமாந்தரமாக இருக்கும். வெட்டின் அடிவரை இறங்கி, சுவர் முழுவதையும் தள்ளும். அதோடு ஒரே அகலத்தில் இரண்டு மூன்று தடிப்பு கிடைக்கும். தையல் மெசின்காரருக்கு இதுதான் முக்கியம்.

இப்படிப்பட்ட செட்டுகளில் வீலர் நிறுவனத்தின் பெரிய செட்டில் 89 உருப்படி; பெரும்பாலும் பிட்டுகள், அதாவது கைபிடியில் மாற்றி மாற்றிப் போடும் நுனிகள். கணக்கு மலைக்க வைக்கும்; ஆனால் நட்சத்திர பிட், அறுகோண பிட் எல்லாம் பழைய சிங்கரில் சும்மா படுத்திருக்கும். பாதிக்கு மேற்பட்டவை தட்டை பிட் என்பதுதான் இதன் பலம். எஸ்-2 உருக்கு. கடுமையானது, அளவு மீறினால் வளையாமல் டக்கென்று உடையும். அதைக் குறையென்று சொல்பவர்கள் உண்டு, நாங்கள் சொல்ல மாட்டோம். மெல்லிய உருக்கு முறுகி வெட்டைத் தின்றுவிட்டுத்தான் தோற்கும். உடைந்த பிட்டை மாற்றலாம், தின்ற வெட்டை மாற்ற முடியாது. குறை கைபிடியில்தான்: காந்தத்தோடு பிட் குழிக்குள் கொஞ்சம் ஆடும். ஒடுக்கமான ஸ்குரூவில் அந்த ஆட்டம் கையில் தெரியும்.

பிரவுணெல்ஸ் நிறுவனத்தின் மக்னா-டிப் பிட்டுகளின் சிறப்பு, தனித்தனியாக வாங்கலாம் என்பது. அகலமும் தடிப்பும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கில் தரப்பட்டிருக்கும். 0.030 அங்குலம் என்றால் 0.76 மில்லிமீற்றர், 0.040 என்றால் 1.02. என்ன வேண்டுமென்று அளந்து வைத்திருப்பவருக்கு ஆறு ஏழு பிட்டும் ஒரு கைபிடியும் போதும். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர் ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்ல ஏற்ற பாரம்.

சாப்மன் செட்டை 1936இலிருந்து அமெரிக்காவின் கனெக்டிகட்டில் செய்கிறார்கள். கையளவுப் பெட்டி; குட்டி ராச்செட் (ஒரு பக்கம் மட்டும் பற்றித் திருப்பும் பிடி), நீட்டி, கட்டைக் கைபிடி, குறுகிய பிட்டுகள். தையல் மெசினுக்கு எங்கள் முதல் தெரிவு இதுதான். காரணம், ஊசித்தட்டுக்கு நேர் மேலே ஊசிக்கம்பும் அழுத்துக் காலின் கம்பும் நிற்கின்றன. நீளத் திருப்புளி அவற்றில் முட்டிச் சரியும், சரிந்த அலகு வழுக்கும். சாப்மன் ராச்செட்டைத் தட்டின் மேலேயே வைத்து, பெருவிரலால் அதன் தலையை அமுக்கிக்கொண்டு திருப்பலாம். பெரிய, இறுகிய ஸ்குரூவுக்கு மட்டும் அந்தக் குட்டிப் பிடி போதாது.

கிரேஸ் யூஎஸ்ஏ வேறு வகை. மாற்றும் பிட் இல்லை. மரக் கைபிடி போட்ட முழுத் திருப்புளி எட்டு. ஆட்டம் துளியும் கிடையாது. மெசின் தலையைச் சரித்துவிட்டு அடிப்பக்கத்து ஸ்குரூக்களில் இறங்கும்போது இதைப்போல் சுகம் இல்லை. ஆனால் அகலத்துக்கு ஒரு தடிப்பு மட்டும் என்பதால், உங்கள் வெட்டுக்குப் பொருந்தினால் அதிர்ஷ்டம்.

வாங்குமுன் வெட்டை அளந்து பாருங்கள். மோட்டார் சைக்கிள் மெக்கானிக் வைத்திருக்கும் பீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுக் கட்டு, போதும். வெட்டின் அடியில் தூசும் காய்ந்த எண்ணெயும் கல்லாக இறுகியிருக்கும், முதலில் ஊசியால் கிண்டி எடுங்கள். பிறகு தகடுகளைச் சேர்த்துச் சேர்த்து இறக்கி, தாராளமாக நுழையும் ஆகக் கூடிய தடிப்பைக் குறியுங்கள். அதைவிட ஒரு மயிரிழை குறைந்த பிட் வேண்டும். அகலம் ஸ்குரூத் தலையின் விட்டத்துக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்கலாம். கூடினால் குழிக்குள் இருக்கும் தலையைச் சுற்றியுள்ள இரும்பைச் சுரண்டும்.

ரவுண் கடையில் செட்டைப் பார்த்து எடுப்பதென்றால் கழற்றிய ஸ்குரூ ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பிட்டை வெட்டில் இறக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பக்கத்தில் ஆப்பு வடிவில் வெளிச்சம் தெரிந்தால் அது சரிந்த அலகு, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். கைபேசி திருத்தும் செட்டும் உதவாது. அந்தச் சிறிய பிட்டுகள் பாபின் கேஸுக்கு மேல் தாங்கா.

நல்ல பிட் மட்டும் இருந்தால் இறுகிய ஸ்குரூ வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். எங்கள் வீடுகளில் மெசினுக்குத் தேங்காயெண்ணெய் விடும் பழக்கம் இருக்கிறது. அது நாட்பட்டுத் தூசோடு சேர்ந்து பிசின் மாதிரி இறுகும். குருநகர், பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றும் சேரும். வெட்டைத் துப்பரவாக்கி இரண்டு துளி மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் பிட்டை இறக்கி, கைபிடியின் தலையில் சிறு சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரளவு, பிறகு கழற்றும் பக்கம். அசையாவிட்டால் சோல்டரிங் அயன் நுனியை ஸ்குரூத் தலையில் ஓரிரு நிமிடம் வையுங்கள். அதற்குமுன் மண்ணெண்ணெயை ஒற்றித் துடைத்துக் காயவிட மறக்காதீர்கள். தீச்சுவாலை வேண்டாம், பூவேலை போய்விடும். ஸ்பிரிட்டும் அப்படித்தான், பூவேலைக்கு மேலுள்ள அரக்குப் பூச்சைக் கரைக்கும். கடைசி வழி: பிட்டின் அறுகோண அடிக்கு கால் அங்குல ஸ்பனரைப் போட்டு, ஒரு கை முழுப் பலத்தோடு கீழே அமுக்க, மறு கை மெதுவாகத் திருப்ப வேண்டும். திருப்பும் பலத்தைவிட அமுக்கும் பலம் கூட இருக்க வேண்டும்.

வெளிநாட்டுச் செட்டுக்குக் காசு ஒதுக்க முடியாதவர் நல்ல உருக்குத் திருப்புளி ஒன்றைக் கிரைண்டரில் தீட்டலாம். ஆறு அங்குலச் சக்கரத்தின் வளைவிலேயே அலகின் முகத்தை வைத்தால் குடைவு தானாக விழும். இரண்டு பக்கமும் சம அளவு எடுக்க வேண்டும், நொடிக்கொருமுறை தண்ணீரில் தோய்க்க வேண்டும். நுனி நீலமாகினால் பதம் போய்விட்டது, அந்தப் பகுதியை வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். கடைசியில் எண்ணெய்க் கல்லில் முகங்களைச் சமாந்தரமாக்கி, வெட்டிலேயே வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று அளவில் இப்படித் தீட்டி வைத்தால் சிங்கர் 15, 66 என்ற இரண்டு மொடல்களையும் பெருமளவு சமாளிக்கலாம். பாபின் கேஸின் இழுவிசை ஸ்குரூவுக்கு மட்டும் இதை முயல வேண்டாம். அதற்கு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் அகலத்தில் வாட்ச் திருத்துபவரின் திருப்புளி ஒன்றை வாங்குங்கள், ஒரு தடவைக்கு கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்; ஸ்குரூ கழன்று விழுந்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு.