சீஸ் கஞ்ச் குருத்வாராவா, பதேகர் சாகிபா?

"சீக்கியத் தியாகத் தலங்களில் ஒன்றைத்தான் பார்க்க முடியும், எது?" என்று பலர் கேட்கிறார்கள்.

தூரம்: சீஸ் கஞ்ச் குருத்வாரா டெல்லி சாந்தினி சௌக்கிலேயே இருக்கிறது, மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். பதேகர் சாகிப் பஞ்சாபில், சிர்ஹிந்த் அருகே, டெல்லியிலிருந்து சுமார் 250 கி.மீ.

நடந்தது: மதம் மாற மறுத்த, சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூரின் தலையை 1675-ல் ஔரங்கசீப் ஆட்சியில் வெட்டிய இடம் சீஸ் கஞ்ச். முன்னதாக அவருடைய சீடர் பாய் மதி தாஸை ரம்பத்தால் அறுத்தார்கள், குரு அசையவில்லை. பதேகர் சாகிபில் உயிர்விட்டவர்கள் குருவின் பேரப்பிள்ளைகள் இருவர். ஜோராவர் சிங்குக்கு வயது 9 தான், பதே சிங் இன்னும் சிறியவர். மதம் மாறச் சொல்லி ஆசை காட்டினார்கள், மிரட்டினார்கள். இருவரும் மறுத்தார்கள். உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பினார்கள். ஒன்பது வயது! எனக்கு இன்றும் தாங்கவில்லை.

கூட்டம்: சீஸ் கஞ்சில் எப்போதும் கடைத்தெரு இரைச்சல். பதேகர் சாகிபில் டிசம்பர் கடைசியில் லட்சக்கணக்கில் வருவார்கள். மற்ற நாட்களில் அமைதி.

அரை நாள்தான் என்றால் சீஸ் கஞ்ச். பிள்ளைகளோடு போகிறீர்களா? சரி, ஒரு நாள் ஒதுக்கி பதேகர் சாகிப் போங்கள்.