பேரேடா, டேலியா, கிளவுடா, இ.ஆர்.பி.யா? அம்பத்தூர் பட்டறை ஒன்றுக்கான அலசல்

காலை பதினொரு மணிக்கு ஒரு போன். "4,000 புஷ் கேட்டிருந்தோமே, இன்று எத்தனை அனுப்புவீர்கள்?" பேசுவது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து உதிரிபாக நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு. புஷ் என்றால் துளைக்குள் பொருத்தும் சிறு உலோகக் குழல். பதில் சொல்ல வேண்டியவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை நடத்தும் என் அக்கா மகன். கணினி இயக்கும் ஆறு சி.என்.சி. மெஷின், சில பழைய லேத், 40 ஆட்கள். அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஸ்டோர்ஸ் பக்கம் திரும்பிக் கத்துவான். ஸ்டோர்ஸ்காரர் நோட்டைப் புரட்டுவார். "பிளேட்டிங் போனது வந்துவிட்டதா?" என்று ஒரு குரல், மேற்பூச்சுக்கு வெளியே போன சரக்கைப் பற்றி. "நேற்று மாலை பாதி வந்தது" என்று இன்னொரு குரல். கடைசியில் "2,500 அனுப்பிவிடுகிறேன் சார்" என்று குத்துமதிப்பாக ஓர் எண் போகும்.

"மாமா, நல்ல சாஃப்ட்வேர் ஒன்று சொல்லுங்கள்" என்று அவன் கேட்டது இந்தத் தொல்லை தாங்காமல்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு நிறுவனங்களின் கணக்கோடு புழங்குகிறவன் நான். அவன் முன்னால் இருந்த வழிகள்: பேரேடு, எக்செல், டேலி என்ற கணக்கு மென்பொருள், இணையம் வழியே இயங்கும் கிளவுட் மென்பொருள், கணக்கு, சரக்கு, உற்பத்தி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைக்கும் இ.ஆர்.பி. இவற்றை அந்தப் பதினொரு மணிக் கேள்வியை வைத்தே எடைபோட்டேன். விற்பனைப் பிரதிநிதிகள் மடிக்கணினியில் காட்டும் வண்ணச் சக்கரங்களையும் ஏறும் கோடுகளையும் கணக்கில் எடுக்கவில்லை.

வணிகவியல் பாடநூல்களில் தகவல் முறைமைகளை ஒரு கூம்பாக வரைந்திருப்பார்கள். அடியில் அன்றாடக் கொடுக்கல் வாங்கல் பதிவு, நடுவில் மேலாளருக்கான அறிக்கை, உச்சியில் முடிவெடுக்க உதவும் முறைமை. பெரிய நிறுவனத்தில் மூன்றுக்கும் மூன்று மாடி இருக்கும். பட்டறையில் மூன்றும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன, அந்த நாற்காலி பாதி நேரம் காலியாக இருக்கிறது. முதலாளி மெஷின் பக்கம் போயிருப்பார்.

பேரேடும் எக்செலும்

அத்தான் காலத்தில் பட்டறை முழுக்க நீளமான சிவப்பு அட்டைப் பேரேட்டில் இருந்தது. அதைப் பழைய பஞ்சாங்கம் என்று தள்ள எனக்கு மனம் வராது. பேரேட்டில் ஓர் எண்ணை மாற்ற வேண்டுமென்றால் அடித்துத்தான் எழுத வேண்டும். அடித்தது தெரியும், யார் கையெழுத்து என்பதும் தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைத்துவைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று விதி வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தானின் மைப் பேனா அதை விதி இல்லாமலே செய்துகொண்டிருந்தது.

பேரேட்டின் குறை அது ஒன்றே ஒன்று என்பது. ஒருவர் கையில் இருந்தால் இன்னொருவர் காத்திருக்க வேண்டும். வசூல் பாக்கி 45 நாளைத் தாண்டியவர்கள் யார் யார் என்று கேட்டால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்பதற்கே யார் எத்தனை நாள் பாக்கி என்ற பட்டியல் கையில் வேண்டுமே.

எக்செலுக்கு வருகிறேன். கணக்குத் தெரிந்தவன் கையில் அது அற்புதமான கருவி. விலை கணிக்கவும், ஒரு புஷ்ஷுக்கு எத்தனை கிராம் கழிவு போகிறது என்று பார்க்கவும் இன்றும் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் ஒரு நிறுவனத்தின் நினைவாற்றலை அதில் ஒப்படைத்தால் ஆபத்து. மருமகன் கணினியில் 'ஸ்டாக் புதியது', 'ஸ்டாக் கடைசி', 'ஸ்டாக் கடைசி 2' என்று மூன்று கோப்புகள் இருந்தன. மூன்றிலும் மூன்று எண். பேரேட்டைப் போல அடித்தலும் தெரியாது, மென்பொருளைப் போல "இது தவறு" என்று தடுக்கவும் தெரியாது.

சிறு பட்டறைக்கு மட்டும்தான் இப்படி நேரும் என்று நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டார்கள். பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த பட்டியல் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றப்பட்டிருந்தது. அந்த வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடம் இல்லை. மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது.

டேலி

சென்னையில் கணக்கர் வேலைக்கு ஆள் தேடினால், வருகிறவர் முதலில் சொல்வது "டேலி தெரியும் சார்" என்பதுதான். பெங்களூரில் 1986-இல் தொடங்கிய நிறுவனம் அது. இயந்திர பாகங்கள் விற்ற தந்தை ஷியாம் சுந்தர் கோயங்காவின் வணிகத்துக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்கா தானே எழுதினார். வணிகர் ஒருவரின் எரிச்சலில் பிறந்ததாலோ என்னவோ, நம் ஊர்க் கணக்கரின் விரலுக்கு அது இசைகிறது. எஃப்8 அழுத்தினால் விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்5 பணம் கொடுத்தது, எஃப்6 பணம் வந்தது. மவுஸைத் தொடாமல் ஒரு மணி நேரத்தில் ஒரு கட்டு பில்லை ஏற்றிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் டேலியின் பிடி இறுகியது. மின்னணு விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) முதலில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2020 அக்டோபரில் வந்தது. படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டினாலே கட்டாயம் என்றானது. மருமகன் அந்த வளையத்துக்குள் வந்துவிட்டான். பில் போடும்போதே அரசுத் தளத்தில் பதிவாகி, க்யூ.ஆர். குறியோடு அச்சாகிறது. ஆடிட்டருக்கும் மாதக் கடைசியில் டேலி பேக்கப் ஒன்று போனால் போதும். வரிக் கணக்கு என்ற அளவில் இதை விஞ்ச நான் எதையும் காணவில்லை.

அப்படியானால் பதினொரு மணிக் கேள்விக்கு டேலி ஏன் பதில் சொல்லவில்லை? வசதி இல்லாமல் இல்லை. கோடவுன் வாரியாகச் சரக்கிருப்பு காட்டும், ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வேலை செய்து தர வெளிப் பட்டறைக்கு, போன சரக்கையும் காட்டும். ஆனால் டேலி இருப்பது கணக்கர் அறையில், ஏ.சி.க்குக் கீழே. சரக்கு நகர்வது வாசலில். காலை எட்டரைக்கு டெம்போவில் 1,200 புஷ் பிளேட்டிங்குக்குப் போகும்போது ஸ்டோர்ஸ்காரர் டெலிவரி சலான் எழுதுகிறார். அதன் நகல் ஒரு கம்பியில் குத்தப்படுகிறது. கம்பி நிறைந்தால், அல்லது சனிக்கிழமை வந்தால், கணக்கர் மொத்தமாக ஏற்றுகிறார். ஆக டேலி பொய் சொல்வதில்லை. போன சனிக்கிழமை உண்மையை இந்த வியாழக்கிழமை சொல்கிறது.

இந்தக் கம்பிக்கு வேறொரு விலையும் உண்டு. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி ஜி.எஸ்.டி. கேட்பார்கள், வட்டியோடு. நான் கணக்குப் பார்த்த வேறொரு பட்டறையில், ஹீட் ட்ரீட்மெண்ட் போன இடத்தில் கெட்டுப்போய் அங்கேயே மூலையில் கிடந்த சரக்குக்கு யாரும் பதிவு போடவில்லை. பதினான்கு மாதம் கழித்து, சலானைத் தேடி மூன்று நாள் தூசு தட்டினோம்.

இன்னொன்று தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது, தெரிந்த ஒருவரின் கணினி மேசைக்கடியில் மூழ்கியது. பேக்கப் எடுத்து வைத்திருந்தார், ஒழுங்கான மனிதர். பென் டிரைவ் அதே மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது.

கிளவுட்

இங்கே சென்னைக்காரர்களுக்கு ஒரு சொந்தப் பெருமை குறுக்கே வரும். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் ஜோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனம், நம் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கத்திலிருந்து உலகம் முழுக்கக் கணக்கு மென்பொருள் விற்கிறது. (அந்தச் சாலைப் பெயர் கிராண்ட் சதர்ன் டிரங்க். வரியோடு குழப்பிக்கொண்டு என்னிடம் விளக்கம் கேட்டவர்கள் உண்டு.) பெருமையை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும், கிளவுட் மென்பொருளில் மருமகனுக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது: ஸ்டோர்ஸ்காரர் தன் கைபேசியிலேயே சரக்கு வெளியே போனதைப் பதிய முடியும். டெம்போ கிளம்பும்போதே எண் மாறும். முதலாளி போனைப் பொத்திக்கொண்டு கத்த வேண்டியதில்லை.

ஜோஹோ ஒன்றுதான் என்றில்லை. மும்பையிலிருந்து வரும் இ.ஆர்.பி.நெக்ஸ்ட், பெல்ஜியத்தின் ஓடூ இரண்டிலும் உற்பத்திக்கான பகுதி உண்டு: எந்த உலோகக் கம்பியிலிருந்து எந்தப் பாகம், எத்தனை கட்ட வேலை, எந்தக் கட்டம் வெளியே போகிறது என்று கட்டலாம். இ.ஆர்.பி.நெக்ஸ்ட் திறந்த மூலம், உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் இலவச மாட்டுக்கும் புல் போட வேண்டும். நிறுவித் தருகிறவர், பழுது பார்க்கிறவர், சர்வர் வாடகை எல்லாம் பணம்தான். அமைத்துக் கொடுத்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் அடுத்தவரைப் பிடிப்பது எளிதல்ல. டேலிக்கு அந்தக் கவலை இல்லை, தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்.

வாடகை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். டேலியை ஒருமுறை வாங்கினால், புதுப்பிக்காவிட்டாலும் பழைய கணக்கு திறக்கும். கிளவுட் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு. கட்டுவதை நிறுத்தினால் கதவு சாத்தப்படும். அதனால் சேரும் முன்பே வெளியேறும் வழியைக் கேளுங்கள்: முழுக் கணக்கையும் வவுச்சர் வாரியாகப் பதிவிறக்கித் தருவார்களா? ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் ஏடுகளை வைத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டு வாடகைதாரராக இருக்கச் சம்மதமா என்பதே கேள்வி. இணையம் அறுந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது சின்னக் கேள்வி. கைபேசி டேட்டா இருக்கிறது, அதுவும் போனால் ஒரு மணி நேரம் நோட்டில் எழுதலாம்.

பெரிய இ.ஆர்.பி.

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் 40 பேர் பட்டறைக்கு இது வேண்டாம். ஐ.பி.எம்.மிலிருந்து வெளியேறிய ஐந்து பேர் 1972-இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி.யும், நம் தரமணியிலிருந்து இயங்கும் ராம்கோவும், பல ஆலை, பல நாடு, பல ஆயிரம் ஊழியர் என்று விரிந்தவர்களுக்கானவை. "கஸ்டமர் எஸ்.ஏ.பி. வைத்திருக்கிறார், நாமும் வைத்தால் மரியாதை" என்று மருமகன் ஒருமுறை சொன்னான். கஸ்டமரின் சப்ளையர் தளத்தில் நுழைந்து ஷெட்யூலை எடுக்க ஒரு பிரவுசர் போதும்.

பணம் இருந்தாலும் தப்பிக்க முடியாது என்பதற்கு லிடில் கதை. ஜெர்மனியின் அந்தக் கடைச் சங்கிலி ஏழாண்டு உழைத்து, சுமார் 50 கோடி யூரோ செலவிட்டதாகச் செய்தி வந்த எஸ்.ஏ.பி. திட்டத்தை 2018-இல் கைவிட்டது. சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது லிடிலின் வழக்கம். விற்பனை விலையில் மதிப்பிடுவது அந்த மென்பொருளின் வழக்கம். கடை தன் வழக்கத்தை விடவில்லை, மென்பொருளை வளைத்து வளைத்துத் தைத்தார்கள், தையல் தாங்கவில்லை. நம் பட்டறைகளிலும் இதே சண்டை சின்ன அளவில் நடக்கிறது. "எங்கள் முறை இப்படித்தான்" என்று முதலாளி ஒவ்வொரு திரையையும் மாற்றச் சொல்வார், மாற்றித் தருகிறவர் ஒவ்வொன்றுக்கும் பில் போடுவார்.

என் தீர்ப்பு

கணக்கும் வரியும் பில்லும் டேலியிலேயே இருக்கட்டும். கணக்கரின் விரல்வேகத்தைக் குலைப்பது வீண். அதன் பேக்கப் தினமும் பட்டறைக்கு வெளியே போகட்டும். சரக்கு நடமாட்டத்துக்கு மட்டும் ஒரு கிளவுட் மென்பொருள், இரண்டே இரண்டு பேருக்கு: ஸ்டோர்ஸ்காரர், மருமகன். வாசலைத் தாண்டும் எதுவும் கைபேசியில் பதியாமல் போகக் கூடாது. மாதக் கடைசியில் அதன் சரக்கிருப்பை டேலியோடு ஒத்துப்பார்க்க வேண்டும். இரண்டு படகில் கால் வைக்கிறாய் என்று மென்பொருள் விற்பவர்கள் இரு தரப்பும் திட்டினார்கள். உண்மைதான், சில பதிவுகளை இருமுறை போட நேரும். ஆனால் மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றி, பில் போட முடியாமல் ஒரு வாரம் நின்ற பட்டறையையும் பார்த்திருக்கிறேன். அம்பத்தூரோடு திருமுடிவாக்கத்திலும் ஒரு ஷெட் போட்டால் என் பதில் மாறும். அப்போது கணக்கையும் கிளவுடுக்கே கொண்டுபோகச் சொல்வேன்.

ஸ்டோர்ஸ்காரருக்குக் கைபேசி கொடுப்பதில்தான் மருமகன் தயங்கினான். "அவருக்கு வயது 56, மாமா." அந்த மனிதர் தினமும் கைபேசியில் பேரனோடு வீடியோ பேசுகிறார், டீக்கடையில் யு.பி.ஐ.யில் காசு கொடுக்கிறார். திரையில் தமிழ் இருக்கிறதா, பாகத்தின் பெயர் பட்டறையில் கூப்பிடும் பெயராகவே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள் என்றேன். 'பி-4471-ஏ' என்று திரை சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. 'சின்ன புஷ், துத்தநாகம்' என்றால் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார்.

தொடங்கும் நாளுக்கு ஆடிட்டர் ஏப்ரல் 1 என்றார். அவருக்கு வசதி. பட்டறையிலோ மார்ச் கடைசி வாரத்தில் மூச்சுவிட நேரமிருக்காது, சரக்கை யாரும் எண்ண மாட்டார்கள், தொடக்க இருப்பே தப்பாகிவிடும். மெஷினைத் துடைத்து, ரேக்கை நகர்த்தி, மூலையில் கிடப்பதையெல்லாம் வெளியே எடுத்து வைக்கும் நாள் ஆண்டில் ஒன்று இருக்கிறது. ஆயுதபூஜைக்கு முந்தைய நாளைக் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.