அரை சென்ட் மஞ்சளும் ஒரு வருட வீட்டுப் படிப்பும்

போன வருடம் ஜூனில் பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைத்தோம். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 8. சென்னிமலைப் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் தோட்டம். முதல் மாதம் முழுக்க வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் "ஏனுங் அம்மிணி, புள்ளைகளுக்கு லீவுங்களா?" என்றுதான் கேட்டார்கள். ஆமாங்க என்று சொல்லிவிடுவேன். விளக்க ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடும்.

"செய்து கற்பது" என்ற பேச்சில் மயங்கி முதலில் வாங்கியது மாதாமாதம் வீட்டுக்கு வரும் ஒரு செயல்முறைப் பெட்டி. மாதம் 1,200 ரூபாய். பேரைச் சொல்லவில்லை. சோடா உப்பில் எரிமலை, பேட்டரியில் ஓடும் அட்டைக் கார் என்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. எல்லாம் அளந்து வெட்டி வந்துவிடுவதால் பிள்ளைகள் ஒட்டுவதோடு வேலை முடிந்தது. சின்னவனுக்கு அரை மணி நேரம், அப்புறம் அட்டை பரண் மேலே. மூன்றாவது மாதம் நிறுத்திவிட்டேன்.

வாங்கியதில் தாக்குப்பிடித்தவை இரண்டு. ஒன்று, 10 கிலோ வரை எடை போடும் சாதாரணத் தராசு. இன்னொன்று ஃபோல்ட்ஸ்கோப், ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் வடிவமைத்த காகித நுண்ணோக்கி. 140 மடங்கு பெரிதாக்கும். வாய்க்கால் தண்ணீர், வெங்காயத் தோல், பேன் என்று கையில் கிடைத்ததை எல்லாம் பார்த்தாயிற்று. செல்போனோடு ஒட்டவைக்கும் காந்தத்தைச் சின்னவன் தொலைத்துவிட்டான். மற்றபடி மடிப்புகூடக் கிழியவில்லை.

காசு கொடுத்து வாங்காத மழைமானி ஒன்றும் உண்டு. பாட்டிலை வெட்டி, ஸ்கேல் ஒட்டிச் செய்தது. ஆடிக் காற்றில் நான்கு முறை பறந்துபோனது. மழை இல்லாமல் வெறும் காற்று மட்டும் ஏன் வருகிறது என்று கேட்டார்கள். வரைபடத்தை விரித்து மேற்குத் தொடர்ச்சி மலையையும் பாலக்காட்டுக் கணவாயையும் காட்டினேன். மழையை மலை வாங்கிக்கொள்கிறது, சந்து வழியாகக் காற்று மட்டும் நமக்கு. ஐப்பசியில் மழை பிடித்த பிறகுதான் பாட்டிலுக்கு வேலை வந்தது.

ஆனால் இந்த வருடத்தின் உண்மையான பாடம் மஞ்சள். என் மாமனார் (பிள்ளைகளுக்கு அப்பாரு, அதாவது தாத்தா) அரை சென்ட் இடத்தையும் 4 கிலோ விதை மஞ்சளையும் கொடுத்து, "இது உங்க வெள்ளாமை, நான் வேடிக்கைதான் பாப்பேன்" என்றார். ஆனியில் நட்டார்கள். வாய்க்காலில் எந்த மதகுக்கு எப்போது தண்ணீர், ஒற்றைப்படை மதகுக்கா இரட்டைப்படை மதகுக்கா என்று அப்பாரு பேசுவதைக் கேட்டே சின்னவனுக்கு அந்தக் கணக்கு வந்துவிட்டது. தண்ணீர் வராத நாளில் கிணறு. களை எடுக்க மட்டும் ஆள் பிடிக்கிற மாதிரி கெஞ்ச வேண்டியிருந்தது.

மாசி கடைசியில் வெட்டினோம். பச்சையாக 45 கிலோ. அதில் 4 கிலோவை விதைக்கு எடுத்துவைத்துவிட்டு, 41 கிலோவை விரலி வேறு, கிழங்கு வேறு என்று பிரித்து அண்டாவில் வேகவைத்தார்கள். முதல் அண்டாவை அவசரப்பட்டு இறக்கிவிட்டாள் பெரியவள். "ஏஞ்சாமி, குச்சி எறங்குதான்னு பாத்தியா?" என்று அப்பாரு கேட்டபோதுதான் குத்திப் பார்த்தாள். நடுவில் வேகவே இல்லை. திரும்ப ஏற்றினோம். அந்த அண்டா மஞ்சள் காய்ந்த பிறகும் திட்டுத் திட்டாகவே இருந்தது. பதினைந்து நாள் வெயில், அப்புறம் சாக்கில் போட்டு உருட்டித் தேய்த்தது. கடைசியில் தராசில் நின்றது எட்டேகால் கிலோ.

"மீதி எங்கம்மா போச்சு?" என்று சின்னவன் நிஜமாகவே பதறினான். பள்ளியில் இருந்தபோது சதவீதம் என்றாலே அழுகிற பெரியவள், கேட்காமலே வகுத்துப் பார்த்து 20 சதவீதம் என்றாள். அப்புறம் விலை போட்டு லாபம் எழுதிக்கொண்டு வந்தாள். அப்பாரு பார்த்துவிட்டு, "வெறகு? வெட்டுக்கூலி? நீங்க ரெண்டு பேரும் களை எடுத்தது?" என்றார். எழுதிப் பார்த்தால் நட்டம். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எந்தப் பெட்டியிலும் இது வராது.

மஞ்சள் தடவிய தாளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், எலுமிச்சை விட்டால் மறுபடி மஞ்சளாகும் என்பதையும் அந்த வாரமே செய்து பார்த்தார்கள். "அப்போ ஆரத்தித் தண்ணி சாயம் இல்லையா?" என்று சின்னவன் கேட்டது எனக்கே புதிது. வருடக்கணக்காகக் கரைத்திருக்கிறேன், யோசித்ததில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வாய்ப்பாடும் தமிழ் எழுத்தும் கைவேலையில் தானாக வரவில்லை. வந்துவிடும் என்று அக்டோபர் வரை நம்பி ஏமாந்தேன். சின்னவன் ஏழாம் வாய்ப்பாட்டிலேயே நின்றுவிட்டான். அதன்பிறகு தினமும் காலை 40 நிமிடம் நோட்டும் பென்சிலும்தான், பழைய பள்ளிக்கூடம் மாதிரியே. அகழாய்வு நடந்த கொடுமணலுக்கு ஒரு நாள் கூட்டிப்போனதும் சொதப்பல். அந்தக் காலத்தில் மணி செய்த ஊர், இரும்பு உருக்கிய ஊர் என்று கதை சொல்லி அழைத்துப்போனால், வெறும் காடாகத்தான் தெரிந்தது. நொய்யல் கரையில் கல் எறிந்துவிட்டு வந்தார்கள். என் தூக்கத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பரீட்சைக்கு என்ன வழி என்று பலர் கேட்கிறார்கள். பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 முடிந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதலாம். எங்களுக்கு அதுவரை போகுமா என்பதே சந்தேகம். மாலை நாலரைக்குப் பள்ளி வேன் வந்து நிற்கும்போதெல்லாம் பெரியவள் வாசலுக்குப் போய்விடுவாள். தோழிகள் இறங்கி ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். பங்குனியில் ஒருநாள் தானாகவே "நான் போறேம்மா" என்றாள்.

வருகிற ஜூனில் சேர்க்கிறோம். சின்னவன் இன்னொரு வருடம் வீட்டில். விதை மஞ்சள் 4 கிலோவும் நிழலில், காய்ந்த மஞ்சள் தழை போட்டு மூடிக் கிடக்கிறது. தம்பியை நம்பாமல் வாரம் ஒருமுறை எடுத்து எடை போட்டு வைக்கிறாள். போன வாரம் 3 கிலோ 700.