மொன்செராட்டா, மோன்டே கசினோவா: எந்த மலைக்குப் போகலாம்?

இரண்டும் பெனடிக்ட் சபைத் துறவியரின் மடங்கள். இரண்டும் மலைமேல். ஒன்றைப் பார்சிலோனாவிலிருந்தும் இன்னொன்றை ரோமிலிருந்தும் காலையில் கிளம்பிப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்? வயதானவர்களும் பிள்ளைகளும் கூட வந்தால் மொன்செராட். இல்லையென்றால் என் ஓட்டு கசினோவுக்கு.

போய்ச் சேரும் வசதியில் மொன்செராட்டை மிஞ்ச முடியாது. பார்சிலோனாவின் எஸ்பான்யா சதுக்கத்தில் ஆர்5 ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் அடிவாரம். அங்கே 1930-இல் அமைத்த ரோப் கார் இருக்கிறது. அந்தரத்தில் தொங்கப் பயந்தவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கிப் பல்சக்கர ரயிலில் மேலே போகலாம். ரோமிலிருந்து கசினோ ஊருக்கும் ரயில் உண்டு, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அதன்பிறகு மலைச்சாலைக்குப் பஸ் குறைவு, டாக்சிக்கும் சேர்த்துப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

மொன்செராட்டில் மடத்தைவிட மலைதான் அழகு என்பேன். விரல்களை நிமிர்த்தியதுபோல் சாம்பல் நிறப் பாறைகள். உச்சி 1,236 மீட்டர். கோயிலில் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கறுப்பு மாதா மரச்சுரூபம். கண்ணாடிக்கு வெளியே நீட்டியிருக்கும் கையுருண்டையைத் தொட்டுக் கும்பிடத்தான் அவ்வளவு வரிசை. சென்னை லயோலா கல்லூரி யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அந்த இஞ்ஞாசியார் போர்வீரர் வாழ்க்கையை விட்டு 1522-இல் தன் வாளைக் கழற்றி வைத்தது இந்த மாதா முன்னால்தான். சிறுவர் பாடகர் குழுவைக் கேட்க ஆசை என்றால் நேரத்தை முன்கூட்டியே பாருங்கள். பள்ளி விடுமுறையில் பாட்டு கிடையாது. கூட்டத்துக்கு மட்டும் குறையே இல்லை.

கசினோவைப் பற்றி அடிக்கடி கேட்கும் குறை, 'எல்லாம் புதுக் கட்டடம்' என்பது. உண்மைதான். ஆனால் மொன்செராட்டையும் 1811-இல் நெப்போலியன் படை நாசமாக்கியது. அங்கே பார்ப்பதிலும் பெரும்பகுதி பிறகு எழுந்ததுதானே!

கசினோ மடத்தை 529-இல் நிறுவியவர் புனித பெனடிக்ட்டே. மேற்கத்தியத் துறவு மடங்கள் பின்பற்றிய ஒழுங்குகளை எழுதியதும் இங்கேதான். அவரும் சகோதரி ஸ்கொலாஸ்திக்காவும் அடக்கமாகியிருப்பதும் இதே கோயிலில். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன் படை உள்ளே இருப்பதாக நினைத்து, 1944 பிப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் இதைத் தரைமட்டமாக்கின. உள்ளே இருந்தவர்கள் துறவிகளும் அடைக்கலம் புகுந்த ஊர்மக்களும். ஜெர்மன் படை இடிபாடுகளில் புகுந்துகொண்டது குண்டுவீச்சுக்குப் பிறகுதான். ஓலைச்சுவடிக்கு ஒப்பான பழைய கையெழுத்துப் பிரதிகளை முந்தைய ஆண்டே ரோமுக்கு அனுப்பியிருந்ததால் அவை தப்பின. பழைய வடிவத்திலேயே மறுபடி கட்டிய கோயிலை 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதப்படுத்தினார்.

மடத்துக்குக் கீழே, இந்த மலைக்கான போரில் இறந்த போலந்து வீரர்களின் கல்லறைத் தோட்டம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். ஊர்ப்பக்கம் உள்ள காமன்வெல்த் கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். இந்த மலைக்காக மோதிய படைகளில் 4-ஆவது இந்திய டிவிஷனும் ஒன்று. இந்தியப் பெயர்களை அங்கே வாசிக்கலாம். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன் அதே 1944 பிப்ரவரி 24 அன்று, பக்கத்து மிஞ்ஞானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடிமேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிரைவிட்டார். பிரிட்டனின் உயர்ந்த வீர விருதான ஜார்ஜ் கிராஸ் அவருக்குக் கிடைத்தது. இந்த வரலாற்றுக்காகவே மொன்செராட்டின் பாறைகளைத் தள்ளிவைத்துவிட்டுக் கசினோ போகலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் மறுபடி மொன்செராட் ஜெயிக்கிறது: வழியோரம் மாத்தோ என்ற உப்பில்லாத வெண்பாலாடைக்கட்டி விற்பார்கள், தேன் விட்டுச் சாப்பிடலாம். கசினோவுக்கு ஏறுமுன் ஊரிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளுங்கள்.