மூன்று வருடம் ஐ2சி, இப்போது ஆர்.எஸ்-485

அறைக்கு அறை வெப்பநிலையும் ஈரப்பதமும் பதிவு செய்ய நானே கட்டிய அமைப்பு முதல் மூன்று வருடம் ஐ2சி பஸ்ஸில், அதாவது பல சிப்கள் ஒரே ஒயர்களைப் பகிர்ந்து பேசிக்கொள்ளும் முறையில், ஓடியது. நீளமான கேபிளுக்கு ஏற்ற ஆர்.எஸ்-485 என்ற முறைக்கு மாறி ஒரு வருடம் தாண்டிவிட்டது.

ஐ2சியை எடுத்ததற்குப் பெரிய யோசனை எதுவும் கிடையாது. இரண்டே ஒயர், ஏறக்குறைய எல்லா மைக்ரோகன்ட்ரோலரிலும் (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி) இருக்கிறது. எஸ்பிஐ என்ற இன்னொரு முறை வேகமானது, ஆனால் ஒவ்வொரு சென்சாருக்கும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு செலக்ட் ஒயர் தனியாக இழுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை படிக்க அந்த வேகம் எதற்கு?

மேசைமேல் இருந்தவரை எல்லாம் சரியாகவே நடந்தது. சுவரோரமாக ஆறு மீட்டர் நெட்வொர்க் கேபிள் இழுத்த பிறகுதான் ரீடிங் தவற ஆரம்பித்தது. ஐ2சியில் சிப்கள் லைனின் வோல்டேஜைக் கீழே, பூஜ்யத்துக்கு இழுக்க மட்டுமே செய்யும். மேலே தூக்குவது புல்-அப் ரெசிஸ்டர். கேபிள் நீள நீள கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) கூடி, அந்த ஏற்றம் மந்தமாகிறது. 1982இல் பிலிப்ஸ் ஐ2சியை உருவாக்கியது ஒரே பெட்டிக்குள் இருக்கும் சிப்கள் பேசிக்கொள்ளத்தான். பஸ் முழுவதற்கும் 400 பிக்கோஃபாரட் வரம்பு. மீட்டருக்குச் சுமார் 50 என்றால் என் கேபிளே 300ஐத் தின்றுவிடுகிறது. 4.7 கிலோஓம் ரெசிஸ்டரை 2.2 ஆக்கி, 400 கிலோஹெர்ட்ஸை 100க்கு இறக்கியதும் அடங்கியது. எஸ்டிஏ (டேட்டா ஒயர்), எஸ்சிஎல் (கிளாக் ஒயர்) இரண்டையும் ஒரே முறுக்கு ஜோடியில் விட்டிருந்தது என் முட்டாள்தனம். ஒவ்வொன்றையும் ஒரு கிரவுண்ட் ஒயரோடு ஜோடி சேர்க்க வேண்டும்.

அப்புறம் முகவரி. நான் வைத்த பிஎம்இ280 சென்சாருக்கு ஹெக்ஸில் 76, 77 என்று இரண்டுதான். மூன்றாவது சென்சாருக்காக, பஸ்ஸைக் கிளைகளாகப் பிரிக்கும் ஒரு மல்டிபிளெக்சர் வைத்தேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பஸ் அப்படியே தொங்கிப்போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. சென்சார் பதில் அனுப்பும் நடுவில் போர்டு ரீசெட் ஆனால், சென்சார் எஸ்டிஏவைப் பூஜ்யத்தில் பிடித்தபடி அடுத்த கிளாக்குக்குக் காத்திருக்கும். போர்டு எழுந்து பார்த்தால் பஸ் பிஸி. ஒருமுறை வெளியூர் போய்த் திரும்பியபோது பத்து நாள் பதிவு காலி. எஸ்சிஎல்லில் ஒன்பது பல்ஸ் கொடுத்தால் சென்சார் பிடியை விட்டுவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நாலு வரியைச் சேர்த்தபின் பாதி நிம்மதி.

மீதி நிம்மதிக்குத்தான் ஆர்.எஸ்-485. அறைக்கு ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். சென்சார் அதன் பக்கத்திலேயே சில சென்டிமீட்டரில், பழைய ஐ2சியில். ஆர்.எஸ்-485 இரண்டு ஒயருக்கு இடையிலான வோல்டேஜ் வித்தியாசத்தைத்தான் படிக்கிறது என்பதால் நீளம் கவலையில்லை, ஒரு அறை தொங்கினாலும் மற்றவை ஓடுகின்றன. வேலை என்னவோ கூடுதல்தான். முகவரி, சிஆர்சி (டேட்டாவில் பிழை இருக்கிறதா என்று காட்டும் சோதனை எண்) எல்லாம் நாமே எழுத வேண்டும். கடைசி பைட் முழுதாக வெளியேறுமுன் அனுப்புவதை இயக்கும் டிரான்ஸ்மிட் பின்னை இறக்கிவிட்டு, பதில் ஏன் அரைகுறையாக வருகிறது என்று இரண்டு நாள் தேடினேன். கேபிள் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் ரெசிஸ்டரையும் நான்கு இடத்திலும் போட்டுவைத்திருந்தேன். அது கேபிளின் இரு முனைகளில் மட்டும் போதும்.

கார்களில் பயன்படும் கேன் பஸ்ஸில் சிஆர்சியை ஹார்டுவேரே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரே மாஸ்டர் போர்டு வரிசையாகக் கேட்கிற இடத்தில் அதன் ஆர்பிட்ரேஷனுக்கு (பலர் ஒரே நேரத்தில் பேசினால் யாருக்கு முன்னுரிமை என்று தீர்ப்பது) வேலையே இல்லை என்று விட்டுவிட்டேன். டிஸ்ப்ளே மட்டும் முதல் நாளிலிருந்து எஸ்பிஐயில், பத்து சென்டிமீட்டர் ஒயரில் ஓடுகிறது. அதில் கை வைக்கவே இல்லை.