பிராக்கின் இரண்டு குன்றுகள்: கோட்டையா, விஷெஹ்ராத்தா?

செக் தலைநகர் பிராகில் ஒன்றரை நாள்தான் இருக்கப்போகிறேன், எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். கோட்டைக்குப் போ, சார்லஸ் பாலத்தில் நட, பழைய நகரச் சதுக்கத்தில் கடிகாரத்தைப் பார். தப்பில்லை. ஆனால் அதே வல்தாவா ஆற்றின் எதிர்க்கரையில், கொஞ்சம் தெற்கே தள்ளி, இன்னொரு குன்று இருக்கிறது. அதன் பெயர் விஷெஹ்ராத். பெரும்பாலான பயணிகள் அங்கே போவதே இல்லை. இரண்டுக்கும் போனவன் என்ற முறையில், எது யாருக்கு ஏற்றது என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் கோட்டை. உலகிலேயே பெரிய பழங்காலக் கோட்டை வளாகம் என்று கின்னஸ் பதிவில் இருக்கிறது, கிட்டத்தட்ட 70,000 சதுர மீட்டர். ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது. இன்றும் செக் குடியரசுத் தலைவரின் அலுவலகம் இதற்குள்ளேதான். நடுவில் நிற்கும் புனித வித்துஸ் பேராலயத்துக்கு 1344இல், பின்னாளில் செக் அரசரான நான்காம் சார்லஸின் முயற்சியால் அடிக்கல் போட்டார்கள், வேலை முடிந்தது 1929இல். நடுவில் போர், நெருப்பு, பணமில்லாமை என்று பல நூற்றாண்டுகள் பாதிக் கட்டடமாகவே நின்றிருக்கிறது. உள்ளே புனித வென்செஸ்லாஸ் சிற்றாலயத்தை வாசலில் நின்றுதான் பார்க்க முடியும், ஆனால் அந்தச் சுவரில் பதித்திருக்கும் வண்ணக் கற்களை அங்கிருந்தே பார்க்கலாம். அதற்கு மேலே ஒரு அறையில் பழைய செக் அரசர்களின் மணிமுடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஏழு பூட்டு, ஏழு சாவி, ஏழு பேரிடம்.

எனக்குப் பேராலயத்தைவிடப் பழைய அரண்மனையின் விளாதிஸ்லாவ் மண்டபம்தான் பிடித்தது. சுமார் 62 மீட்டர் நீளம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது, கூரையில் விலா எலும்பு போன்ற கல் வளைவுகள் கொடி மாதிரி பின்னிக்கொண்டு போகின்றன. மழைக்காலத்தில் வீரர்கள் குதிரையோடு உள்ளே வந்து ஈட்டிப் போட்டி நடத்தினார்களாம், அதற்காகவே குதிரை ஏறும்படி அகலமான படிக்கட்டும் கட்டியிருக்கிறார்கள். பக்கத்து அறையின் ஜன்னல் வழியாகத்தான் 1618 மே மாதத்தில் கத்தோலிக்கப் பேரரசரின் ஆட்சியாளர்கள் இரண்டு பேரையும் அவர்களுடைய செயலாளரையும், எதிர்த்து எழுந்த புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் தூக்கி வெளியே போட்டார்கள். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள், ஆனால் அந்தச் சண்டை முப்பதாண்டுப் போராக மாறி ஐரோப்பாவையே எரித்தது. அந்த ஜன்னல் பக்கத்தில் நிற்கும்போது உடம்பு கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்கிறது.

கோட்டைக்குள்ளேயே இருக்கும் பொற்சந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குட்டிக் குட்டி வண்ண வீடுகள், 22ஆம் எண் வீட்டில் 1916-17இல் காஃப்கா உட்கார்ந்து எழுதியிருக்கிறார். குழந்தைகளுக்குக் கட்டாயம் பிடிக்கும், மாடியில் கவசங்களும் வாள்களும் உண்டு. பெரியவர்களுக்கு, கூட்ட நேரத்தில், பத்து நிமிடம் போதும்.

கோட்டையின் பெரிய பிரச்சினையும் இந்தக் கூட்டம்தான். பத்து மணிக்கு மேல் குழுக் குழுவாக வந்து இறங்குவார்கள், பேராலயத்துக்கு நீண்ட வரிசை. முற்றங்களுக்குச் சீட்டு வேண்டாம், கட்டடங்களுக்கு வேண்டும். ஞாயிறு காலையில் பூசை நடப்பதால் பேராலயத்துக்குள் பயணிகளை விடமாட்டார்கள், அது தெரியாமல் வந்து வாசலில் நிற்பவர்கள் நிறையப் பேர்.

சரி, இப்போது விஷெஹ்ராத். கோட்டையோடு ஒப்பிட்டால் அங்கே "பார்க்க" குறைவுதான், இதை மறைக்க விரும்பவில்லை. பெரிய அரண்மனை இல்லை, மணிமுடி இல்லை. செங்கல் மதில், மரங்கள், புல்வெளி, 11ஆம் நூற்றாண்டின் வட்டமான சின்ன மார்ட்டின் ஆலயம், இரட்டைக் கோபுரத்தோடு பீட்டர் பால் தேவாலயம், அதை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டம். மதிலையும் புல்வெளியையும் சுற்றிப் பார்க்கச் சீட்டு வேண்டாம். குழந்தை வண்டி தள்ளும் அம்மாக்களும் நாயோடு நடக்கும் தாத்தாக்களும்தான் அங்கே உங்களுக்குத் துணை.

ஆனால் அந்தக் கல்லறைத் தோட்டம் இருக்கிறதே, அதற்காகவே போகவேண்டும். அதற்குள் அரசர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். இசையமைப்பாளர்கள் துவோர்ஷாக், ஸ்மெத்தனா. கவிஞர்கள் யான் நெருடா, காரெல் ஹினெக் மாஹா. "ரோபோ" என்ற சொல்லைத் தன் நாடகத்தின் வழியாக உலகத்துக்கே கொடுத்த காரெல் சாப்பெக். ஓவியர் அல்போன்ஸ் மூக்கா. மேலிடத்தில் ஆட்சி மொழியாக ஜெர்மன் அமர்ந்திருந்த 19ஆம் நூற்றாண்டில், தங்கள் மொழியில் கவிதையும் கதையும் எழுதி அதை மறுபடி நிமிர்த்தியவர்களுக்கு ஒரு தேசம் கொடுத்த இடம் இது. மூக்கா இருப்பது ஸ்லவீன் என்னும் பொதுக் கல்லறையில். அதன்மேல் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள், "இறந்துவிட்டாலும் இன்னும் பேசுகிறார்கள்" என்று பொருள். மொழியின் அருமை தெரிந்த யாரும் அந்த வரிக்கு முன்னால் சும்மா கடந்து போக முடியாது. (தமிழ் இலக்கியத்தை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவெலபில் பிறந்ததும் படித்ததும் இந்த ஊரில்தான். அவர் படித்த சார்லஸ் பல்கலைக்கழகத்தை 1348இல் நிறுவியவர் மேலே சொன்ன அதே நான்காம் சார்லஸ்.)

ஸ்மெத்தனாவுக்கு 1874இல் காது முற்றிலும் கேட்காமல் போனது. அந்த நேரத்தில் அவர் எழுதி முடித்தது விஷெஹ்ராத் பற்றிய இசைப்படைப்பு. அடுத்து ஆற்றைப் பற்றி எழுதிய "வல்தாவா" என்ற படைப்பில், ஆறு பிராகுக்குள் நுழையும் கட்டத்தில் இதே குன்றின் மெட்டு திரும்பவும் வரும். மதில்மேல் உட்கார்ந்து, கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டுப் பாருங்கள்.

காட்சிக்கும் ஒரு வார்த்தை. கோட்டையிலிருந்து பார்த்தால் சிவப்பு ஓடுகளும் கோபுரங்களும் தெரியும், அழகுதான், ஆனால் கோட்டை தெரியாது. விஷெஹ்ராத் மதிலிலிருந்து ஆறு, பாலங்கள், தூரத்தில் கோட்டை என்று எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஏறுவதில் இரண்டுக்கும் ஒரே சூட்சுமம்: பின்பக்கமாகப் போய் முன்பக்கமாக இறங்குங்கள். கோட்டைக்கு 22ஆம் எண் டிராமில் ஏறி கோட்டை நிறுத்தத்தில் இறங்கினால் ஏற்றமே கிடையாது, திரும்பும்போது பழைய படிக்கட்டு வழியாக மாலோஸ்த்ரான்ஸ்கா மெட்ரோவுக்கு இறங்கிவிடலாம். விஷெஹ்ராத்துக்கு மெட்ரோ சி தடத்தில் அதே பெயருள்ள நிலையம், அங்கிருந்து சமதரையில் நடை, அப்புறம் ஆற்றங்கரைக்குப் படி இறங்கினால் டிராம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் இதை மறக்காதீர்கள். காகிதச் சீட்டை இயந்திரத்தில் முத்திரை குத்தவும் மறக்காதீர்கள், குத்தாத சீட்டு செல்லாது.

மழை பெய்தால் யோசிக்காமல் கோட்டை, ஏனென்றால் விஷெஹ்ராத்தில் ஒதுங்க இடம் குறைவு. சின்னக் குழந்தைகள் கூட இருந்தாலும் கோட்டைதான். தனியாகவோ, நிதானமாகப் பேசிக்கொண்டு நடக்கும் ஒருவரோடோ போனால் விஷெஹ்ராத். மூன்று மணி நேரம்தான் கையில் இருக்கிறது, அதுவும் நண்பகலில் என்றாலும் விஷெஹ்ராத்தான். நண்பகல் கோட்டையில் அந்த நேரத்தில் பாதி வரிசையிலேயே போய்விடும்.

ஒன்றரை நாள் இருந்தால் இரண்டையும் பாருங்கள், ஆனால் வரிசை முக்கியம். முதல் நாள் மாலை விஷெஹ்ராத், மறுநாள் கோட்டை திறக்கும் நேரத்துக்குக் கோட்டை. இது நான் கண்டுபிடித்தது இல்லை. நான்காம் சார்லஸ் வகுத்த முறைப்படி, முடிசூட்டுக்கு முந்தின நாள் அரசர் விஷெஹ்ராத்துக்கு வரவேண்டும். அரச குலத்தின் முதல் மனிதராகச் சொல்லப்படும் ஏர் உழுத ப்ரெமிஸிலின் செருப்பும் பையும் அங்கே வைத்திருந்தார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நாள் மணிமுடி. 1989லும் அதே திசைதான். நவம்பர் 17 அன்று மாணவர்கள் ஊர்வலமாக வந்தது விஷெஹ்ராத்தில் மாஹாவின் கல்லறைக்கு. அங்கிருந்து நகருக்குள் இறங்கியபோது போலீஸ் அடித்தது, கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராக நாடே எழுந்தது. சரியாக ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 29 அன்று, கோட்டையின் அதே விளாதிஸ்லாவ் மண்டபத்தில் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

குளிர்காலத்தில் கல்லறைத் தோட்டத்தைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள், இருட்டுவதும் நாலரைக்குள், அதனால் இரண்டு மணிக்கே போய்விடுங்கள். ஸ்லவீனில் மூக்காவின் பெயரைத் தேடிப் பார்த்து வையுங்கள். மறுநாள் காலை பேராலயத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் மூன்றாவது சிற்றாலயத்தில் இருக்கும் பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல் அவர் வடிவமைத்தது.