மேப் மிச்சம் பிடிச்சுக் குடுத்த 4 நிமிஷம்

நேத்துதான் லெஃப்ட் மிரர் மாத்திட்டு வந்தேன், 2,800 ரூபா, ஒரே வருஷத்துல ரெண்டாவது. ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி வேற "அண்ணே, தாம்பரத்துலேர்ந்து சோழிங்கநல்லூர் வர மேப்பை நம்பலாமா"ன்னு கேட்டான். ஆறு வருஷமா தினமும் அந்த ஆப்பைப் போட்டுட்டுதான் வண்டிய எடுக்குறேன், அதனால சொல்றேன்.

டைம் விஷயத்துல குறையே சொல்ல முடியாது. 8:52ன்னு காட்டுச்சுன்னா 8:54க்கு பார்க்கிங்ல இருப்பேன், மழை நாள்ல கூட பெருசா தப்பாது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் தாண்டுற வரைக்கும் அதுக்கும் எனக்கும் சண்டையே கிடையாது. மேடவாக்கம் வரட்டும், அங்கதான் ஆரம்பிக்கும். அங்க பாலம் கட்டினாங்க, சரி, வேளச்சேரி போறவன் மேல பறக்குறான், சோழிங்கநல்லூர் திரும்புறவன் கீழயே கிடக்கணும், இதுல மெட்ரோ வேலை வேற. ரோடு செவப்பாச்சுன்னா உடனே "4 நிமிஷம் மிச்சம்"னு ரைட்ல ஒரு சந்துக்குள்ள நீலக் கோடு போடும்.

அந்த சந்துல ஒரு கார் போனா எதிர்ல சைக்கிள் வரக்கூடாது. நம்ம போனெல்லாம் என்ன வேகத்துல நகருதுன்னு பார்த்துதான அது கலர் போடுது, சந்துல யாரும் இல்லன்னதும் காலியா இருக்குன்னு எல்லாருக்கும் ஒரே யோசனைய சொல்லுது, பின்னாடி பார்த்தா பதினஞ்சு கார், அத்தனை டேஷ்போர்டுலயும் அதே நீலக் கோடு. அன்னிக்கு எதிர்ல தண்ணி லாரி. வாசல்ல கோலம் போட்டுட்டு இருந்த அம்மா எழுந்து, மாவு டப்பாவ எடுத்துக்கிட்டு, "இன்னிக்கும் வந்துட்டீங்களா"ன்னு பார்த்தாங்க பாருங்க ஒரு பார்வை. ஒதுங்குறேன்னு காம்பவுண்ட் சுவர் பக்கம் ஒடிச்சேன், மிரர் போச்சு. அது பாட்டுக்கு "இதே வழியில் தொடரவும்"னு சொல்லிட்டு இருக்கு.

நியாயமா பேசணும்னா, ஓஎம்ஆர், அதான் பழைய மகாபலிபுரம் ரோடு, அந்தப் பக்கம் 4 டோலை 2021ல நிறுத்துற வரைக்கும் "டோல் வேண்டாம்"னு செட்டிங் போட்டு சந்து சந்தா சுத்தினதும் நான்தான், அதுக்கு அதைத் திட்டக் கூடாது.

தம்பிகிட்ட தாராளமா நம்புன்னு சொல்லிட்டேன். இப்ப ஆப்பே ரேட்டிங் கேக்குது. 5க்கு 2. போன வாரம் கேட்டிருந்தா நாலரை போட்டிருப்பேன்.